சிங்கப்பூரில் ஓர் இரவு: அந்தியா, விடியலா?

ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ டிக்கெட் தேடுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. விலை மலிவாக ஒன்று கண்ணில் படும். உற்றுப் பார்த்தால் நடுவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சிங்கப்பூரில் டிரான்சிட் என்று இருக்கும், அதுவும் ராத்திரியில். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கிழக்கே போகிறவர்களில் ஒரு சாரார் அந்த ராத்திரியைச் சாங்கி விமான நிலையத்து நாற்காலியில் கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கழுத்து வலியோடு கழிக்கிறார்கள். இன்னொரு சாரார் மெர்லயன், மெரினா பே, செந்தோசா, முஸ்தஃபா என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். அடுத்த விமானத்தில் ஏறும்போது செல்போனில் படங்கள் இருக்கும். எந்தப் படம் எந்த இடம் என்பது மறந்திருக்கும். இரண்டு சாராரும் இரவை ஒரே துண்டாக எண்ணுகிறார்கள் என்பதுதான் சிக்கல். ஒருவர் முழுவதையும் காத்திருப்பு என்கிறார், மற்றவர் முழுவதையும் சுற்றுலா என்கிறார். ஆனால் இரவுக்கு அந்தி, விடியல் என்று இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒன்றை ஊருக்குக் கொடுத்துவிட்டு மற்றதைத் தூக்கத்துக்கு விட்டுவிட வேண்டும். எதை எதற்குக் கொடுப்பது என்பதை ஆசையிடம் விடாமல், விமானம் போகிற திசையிடம் விடுவதே புத்திசாலித்தனம்.

காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஒரே இரவில் உடம்பின் கடிகாரம் மாறிவிடாது. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே சென்னையிலிருந்து வந்து இறங்கியவருக்கு, சிங்கப்பூர்ச் சுவரில் இரவு பதினொன்று என்று காட்டினாலும் உடம்பு இன்னும் எட்டரையில்தான் நிற்கும். ஊரில் என்றால் அப்போதுதான் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்திருப்பார்கள். நள்ளிரவைத் தாண்டினாலும் கண் சொக்காது. அதே ஆளைச் சிங்கப்பூரின் காலை ஆறு மணிக்கு எழுப்பினால், அவர் உடம்புக்கு அது பின்னிரவு மூன்றரை.

பின்னிரவு மூன்றரை என்பது வெறும் தூக்கக் கலக்கம் இல்லை. விமானிகளின் பணி நேரத்தை வகுக்கும் விதிகள், நம் நாட்டு விதிகள் உட்பட, பின்னிரவு இரண்டு மணியிலிருந்து காலை ஆறு மணியை ஒட்டிய நேரத்தைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. உடம்பின் வெப்பமும் மனத்தின் விழிப்பும் மிகவும் தாழ்ந்திருக்கும் வேளை அது. அந்த வேளையைத் தொடும் பணிக்குக் கட்டுப்பாடுகள் கூடுதல். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த இரண்டும் ஆறும் இறங்கிய ஊரின் மணி அல்ல. விமானியின் உடம்பு பழகியிருக்கும் ஊரின் மணி. இதைப் பயணிக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னைக்காரரின் இரண்டு முதல் ஆறு, சிங்கப்பூரில் நாலரை முதல் எட்டரை. அதாவது விடியல் முழுவதும் அவருக்குப் பாதாளம். மெல்போர்னில் சில வாரங்கள் பேரக் குழந்தையோடு இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கோ கணக்கு தலைகீழ். மெல்போர்ன், சிங்கப்பூரைவிட இரண்டு மணி நேரம் முன்னே. அவர்களுடைய கோடையில் மூன்று மணி நேரம். அவருடைய பாதாள வேளை சிங்கப்பூரில் நள்ளிரவுக்குள், கோடையானால் பதினொரு மணிக்குள் தொடங்கி, மூன்று நாலு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். காலை ஆறு மணிக்கு அவர் உடம்பில் மணி எட்டோ ஒன்பதோ. குளித்துக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம். ஆகக் கிழக்கே போகும்போது அந்தி, மேற்கே திரும்பும்போது விடியல். பெர்த்திலிருந்து வருகிறவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கும் சிங்கப்பூர் நேரமேதான், விமானத்தின் வசதிப்படி எந்த முனையையும் எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரின் சூரியனும் இதற்கு ஒத்துழைக்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர் என்பதால் வருடம் முழுக்க உதயமும் அஸ்தமனமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். ஆனால் அந்த நேரம் ஆறு அல்ல, ஏழை ஒட்டி. தீர்க்கரேகைப்படி கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னே இருக்க வேண்டிய ஊர், மலேசியாவோடு சேர்ந்து 1982 தொடக்கத்தில் எட்டு மணி நேரத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டது. அதன் விளைவு, காலை ஆறரைக்குக்கூட இருட்டு. விடியலைப் பிடிக்க நாலரைக்கு எழுந்து ஓட வேண்டியதில்லை. முதல் எம்ஆர்டி ரயிலில் போனாலே சூரியனுக்கு முன்னால் போய்ச் சேரலாம்.

இனி கழித்தல் கணக்கு. டிக்கெட்டில் பன்னிரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பது கையில் கிடைக்கும் பன்னிரண்டு அல்ல. விமானத்திலிருந்து இறங்கி இமிகிரேஷன் தாண்டி வெளியே வர முக்கால் மணி. நகரத்துக்கு எம்ஆர்டியில் முக்கால் மணி, திரும்ப இன்னொரு முக்கால் மணி. அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே டெர்மினலுக்குள் இருக்க வேண்டும். சாங்கியின் முதல் மூன்று டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை நுழைவாயிலில் இல்லை, ஒவ்வொரு கேட்டிலும்தான் நடக்கிறது. இமிகிரேஷன் தாண்டிவிட்டோம் என்று கடைகளில் நின்றால், கேட் வாசலில் வரிசை காத்திருக்கும். நான்காவது டெர்மினல் என்றால் அங்கே ரயில் கிடையாது, பஸ்தான்; அதற்கும் சேர்த்து ஒரு கால் மணி. இப்படிக் கழித்தால் பன்னிரண்டில் எட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் மிஞ்சும். அதில் ஐந்து மணி நேரம் தூக்கத்துக்கு. மீதி மூன்று மணி நேரம்தான் ஊருக்கு. மூன்று மணி நேரத்தில் ஒரு நகரத்தைப் பார்க்க முடியாது. ஒரு தெருவை நன்றாகப் பார்க்கலாம்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும்: வெளியே விட்டால்தானே? நியாயமான கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. ஆனால் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவும், அடுத்த விமானத்துக்கு உறுதியான டிக்கெட்டும் வைத்திருக்கும் இந்தியர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் நுழையலாம். டிரான்சிட்டுக்கென்றே உள்ள சலுகை இது. இறுதி முடிவு இமிகிரேஷன் அதிகாரியின் கையில். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்புமுன் அரசாங்கத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சாங்கி நடத்தும் இலவச நகர்வலத்துக்கு விசா வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் வேண்டும், அந்தப் பஸ்ஸும் சிங்கப்பூர் மண்ணில்தான் ஓடுகிறது. இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெட்டி கடைசி ஊர் வரை தானாகப் போகாவிட்டால், அதை எடுக்கவே இமிகிரேஷன் தாண்ட வேண்டியிருக்கும். அப்போது விசா என்பது ஊர் சுற்றும் ஆசைக்கல்ல, பயணம் தொடர்வதற்கே.

நுழையும்போது கைப்பையில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது என்பது ஊரறிந்த சங்கதி. அதிகம் பேசப்படாதவை வேறு: மெல்லும் புகையிலைக்கும் மின்சிகரெட்டுக்கும் அனுமதி இல்லை, சிகரெட்டுக்கு வரிவிலக்கு என்பதே கிடையாது, டூட்டி ஃப்ரீயில் வாங்கிய பெட்டியையும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மகளுக்குக் குருமா வைக்க எடுத்துப்போகும் கசகசாவும் அங்கே தடைப்பட்ட பொருள். இதையெல்லாம் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேர உலாவுக்குப் போவது வம்பை விலைக்கு வாங்குவது.

இரண்டாவது ஆட்சேபம் சாங்கியின் பெயரால் வரும். உலகத்தின் மிகச் சிறந்த விமான நிலையங்களில் ஒன்று, உள்ளேயே பட்டாம்பூச்சித் தோட்டம், சினிமா. வெளியே எதற்குப் போக வேண்டும்? இதில் பாதி உண்மை. அத்தனை வசதியும் பயணியை உள்ளேயே இருத்தி, கடைகளைச் சுற்றிவரச் செய்வதற்கும்தான்; கடை வாடகை இன்றைய பெரிய விமான நிலையங்களின் முக்கிய வருமானம். தவிர, எல்லோரும் படமெடுக்கிற அந்த 40 மீட்டர் உயர அருவி இருக்கும் ஜுவல் வளாகம் டிரான்சிட் பகுதிக்குள் இல்லை, 2019இல் திறக்கப்பட்டபோதே இமிகிரேஷனுக்கு வெளியில்தான் அமைந்தது. உள்ளேயே இருப்பவருக்கு, இரண்டாம் மூன்றாம் டெர்மினல்களுக்கு இடையே ஓடும் குட்டி ரயில் அந்த வளாகத்துக்குள் புகுந்து போகும்போது, கண்ணாடி வழியே சில நொடிகள் கிடைக்கும், அவ்வளவுதான். இரவு ஏற ஏற அருவியும் நின்றுவிடும், கடைகளில் பலவும் இறங்கிவிடும். சாங்கி தூங்குவதற்கு அருமையான இடம். டிரான்சிட் பகுதிக்குள்ளேயே மணிக்கணக்கில் அறை கிடைக்கிறது, அதற்கு விசா வேண்டாம். அதை அதற்குரிய வேலைக்குப் பயன்படுத்துவோம் என்பதுதான் என் வாதம்.

அந்தியைத் தேர்ந்தவருக்கு எந்தத் தெரு? மெரினா பேயின் விளக்குகளை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவற்றை விமான ஜன்னலிலிருந்தும் பார்த்துவிடலாம். தெலுக் ஆயர் தெருவைத்தான் நான் சொல்வேன். இன்று வானுயர் வங்கிகளுக்கு நடுவே அகப்பட்டுக் கிடக்கும் இந்தத் தெரு, 1880களில் கடலைத் தூர்க்கும்வரை கரையோரமாக இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு முதலில் நன்றி சொன்ன இடங்கள் வரிசையாக நிற்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே எழுப்பிய நாகூர் தர்கா. அதே தெருவில் ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வத்துக்குக் கட்டிய தியான் ஹொக் கெங். சற்றே தள்ளி, ஒருகாலத்தில் ஓலைக் குடிசையாக இருந்ததால் தமிழர் குச்சுப்பள்ளி என்று அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல். இரவில் கதவுகள் மூடியிருக்கும். ஆனாலும் நாகூர் மினாராக்களைச் சிறியதாக்கி இறக்கி வைத்தது போன்ற முகப்பைத் தெரு விளக்கில் பார்க்கக் கதவு திறந்திருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் ரோடு. 1819இல் பினாங்கிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், அதன் பக்கத்திலேயே சூலியா பள்ளிவாசல். மழை வந்தாலும் பாதகமில்லை; பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை தொடர்ந்து வரும்.

சாப்பாட்டுக்கு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் லாவ் பா சாட். கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்களும் எண்கோணக் கூரையுமாக 1894இல் வந்த மார்க்கெட் கட்டடம். அதை ஒட்டிய பூன் டாட் தெருவில் மாலை ஏழுக்குப் பிறகு வண்டிகளை நிறுத்திவிட்டு மேசைகளைப் போட்டுவிடுவார்கள். சாத்தே சுடுகிறவரின் கையைக் கவனியுங்கள்: ஒரு கை விசிறியால் கரியை ஊதும், மறு கை ஒரு கொத்துக் குச்சிகளை ஒரே திருப்பில் புரட்டும், சொட்டுகிற கொழுப்பில் தீ எழும்பும்போது விசிறி ஒரு நொடி நிற்கும். வெள்ளரி, வெங்காயம், நிலக்கடலைக் குழம்பு, அழுத்திக் கட்டிய சோற்றுத் துண்டு, இவற்றோடு தட்டு வரும். காலியான மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்; இடம் பிடித்திருக்கிறார்கள். இந்த ஊரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் தன் பட்டியலில் சேர்த்தது. தெருவோர வியாபாரிகளை அரசாங்கம் பல ஆண்டுகளாகக் கூரைக்கடியில் குடியேற்றியதன் விளைவு அது. சுத்தத்துக்குச் சட்டமும் உண்டு: 2021 முதல் உணவங்காடியில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அபராதம் வரலாம்.

விடியலுக்கு இந்தத் தெரு உதவாது. வங்கித் தெருக்கள் ஒன்பது மணிக்குத்தான் கண் விழிக்கும். மேற்கே திரும்புகிறவர் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கே திரும்பப் போகிறவர் சிங்கப்பூரில் போய் லிட்டில் இந்தியாவைப் பார்ப்பதா என்று சிரிப்பார்கள். சிராங்கூன் ரோட்டின் பொம்மை வண்ணக் கடைகளை மனத்தில் வைத்துச் சிரித்தால் அது சரிதான். ஆனால் காலை ஆறரைக்குத் தேக்கா சந்தையின் ஈரத் தரையில் நிற்பது வேறு விஷயம். பாறையும் வவ்வாலும் பனிக்கட்டியில் அடுக்கிய கடையில் விற்பவர் சீனராக இருப்பார், வாங்குகிற பாட்டி தமிழச்சியாக இருப்பார், விலை மலாயில் பேசி முடியும். பக்கத்து உணவங்காடியில் புரோட்டாவைப் பிராட்டா என்பார்கள், மீன் குழம்பு ஊற்றித் தருவார்கள். ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லாதது, ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரையும் இல்லாதது. நீளமான துணி வடிகட்டியில் இறங்குகிற அந்தக் கறுப்புக் காப்பியில் கும்பகோணத்தைத் தேடாதீர்கள். அது வேறு சாதி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் இதே இடம் விடுமுறைக்கு வந்த கட்டுமானத் தொழிலாளர்களால் நிரம்பி வழியும். அவர்களுடைய சிங்கப்பூரும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதற்கு அந்தி வேண்டும், ஞாயிறும் வேண்டும்.

செலவு பற்றிய பயம் மிகையானது. ரயிலுக்கு நம் ஊர் விசா, மாஸ்டர் கார்டையே தட்டிவிட்டுப் போகலாம். போகவர ஐந்து வெள்ளிக்குள், அதாவது ஐந்து சிங்கப்பூர் டாலருக்குள், முடியும். உணவங்காடியில் பத்து வெள்ளிக்குள் வயிறு நிறையும். செலவு எகிறுவது இரவு மணி தவறும்போதுதான். பதினொன்றுக்கு முன் நகரத்திலிருந்து ரயில் ஏறாவிட்டால் டாக்ஸிதான். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மீட்டரில் 50 சதவீதம் கூடுதல். விமானத்தைத் தவறவிடும் பயமோ மிகையானது இல்லை. நாமாக வெளியே போய்த் தாமதமாகத் திரும்பினால் விமான நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. அதனால்தான் மணியைப் புறப்பாட்டிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்கிறேன். விடியல் உலாவுக்கு ஐந்தரை மணி ரயில், எட்டு மணிக்குத் தேக்காவிலிருந்து கிளம்புதல், ஒன்பதுக்குச் சாங்கி. ஆக, பதினொன்றுக்கு முன் புறப்படும் விமானம் என்றால் விடியல் கிடையாது. அவர்கள் இரவு முழுக்கத் தூங்கட்டும். அதில் குறைவு ஒன்றுமில்லை.

முதல் முறை பறக்கும் வயதான பெற்றோர் தனியாகப் போகிறார்கள் என்றாலும் அதேதான். சக்கர நாற்காலி உதவி கேட்டு வைத்திருப்பவர்கள் வெளியே போய் வருவது ஏற்பாட்டையே குலைக்கும்; அந்த மூன்று மணி நேரத்துக்கு அவர்கள் கொடுக்க நேரும் விலை அதிகம். மணிக்கணக்கு அறை ஒன்றைப் பிள்ளைகள் முன்பதிவு செய்து தருவதே அவர்களுக்குச் செய்யும் உபகாரம். இளையவர்களுக்கும் கைக்குழந்தை இல்லாத குடும்பங்களுக்கும்தான் இக்கட்டுரையின் யோசனை. பெண்கள் தனியாகப் போகலாமா என்றால், இரவில் நடக்க உலகத்திலேயே பாதுகாப்பான பெருநகரங்களில் இது ஒன்று என்பதற்குப் பெரிய மறுப்பு கிடையாது.

ஒரே இரவில் ஒரே முனை என்றால் மற்றது போயிற்றே என்று கடைசியாக ஒரு குறை இருக்கும். போகவில்லை. கிழக்கே போகிறவர்களில் அநேகமாக எல்லோரும் அதே சாங்கி வழியாகத்தான் திரும்புகிறார்கள். 96 மணி நேரச் சலுகை, நிபந்தனைகளோடு, திரும்பும் பயணத்துக்கும் உண்டு. போக டிக்கெட்டும் வர டிக்கெட்டும் ஒன்றாக எடுக்கும்போதே, போகையில் மாலை ஆறேழு மணிக்குச் சிங்கப்பூரில் இறக்கி மறுநாள் காலையில் ஏற்றும் விமானத்தையும், வருகையில் இரவு இறக்கி மறுநாள் நண்பகலில் ஏற்றும் விமானத்தையும் பார்த்து வாங்கினால், தெலுக் ஆயரும் கிடைக்கும், தேக்காவும் கிடைக்கும். தேடும் தளங்கள் பயண நேரம் குறைந்ததைத்தான் மேலே காட்டும். நமக்கு வேண்டியது பட்டியலின் கீழே, பெரும்பாலும் விலையும் குறைவாக இருக்கும்.